நல்ல இரும்பு வரும்வரை

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த வரிசையிலே எனக்கு முன் வந்தவர்கள் நாவலைப் பற்றிப் பேசினார்கள், கவிதையைப் பற்றிப் பேசினார்கள், நாட்டுக்கூத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய கார்; அதிலும் அந்தக் காரைத் தின்ற கறள். நூல்களிலே துரு என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் அது கறள்தான். அந்த வீட்டுச் சொல்லையே நானும் கையாளப் போகிறேன். இலக்கியத்துக்கும் கறளுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களிடம் சற்றுப் பொறுமையை வேண்டுகிறேன். நான் எழுதி அச்சேறிய ஒரு சிறுகதையில் இருந்த கறளை எனக்குக் காட்டித் தந்தவர் விமரிசகர் ஒருவர் அல்லர். கார்த் தகரம் அடிக்கும் ஒரு தொழிலாளி. அந்தச் சங்கதியைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஐயா பாடசாலை ஆசிரியர். 1967ஆம் ஆண்டில், இன்னொருவர் ஓடி முடித்த மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். மொறிஸ் மைனரை இலங்கையில் அறியாதவர் குறைவு. ஆசிரியரும் வைத்தியரும் தபால் அதிபரும் ஓடிய கார். அது 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ். ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலியில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன.

அந்தக் காரின் பிறப்பிலேயே ஒரு வெட்டும் ஒட்டும் உண்டு. மாதிரிக் காரைக் கட்டி முடித்த பிறகு, அது ஒடுங்கலாக இருப்பதாக இசிகோனிசுக்குப் பட்டது. அதை நெடுக்காக இரண்டாக அரிந்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று தோன்றிய இடத்தில் நிறுத்தச் செய்தார். கார் 4 அங்குலம் அகன்றது. அதனால்தான் பொனற்றின் நடுவே தட்டையான ஒரு பட்டி ஓடுகிறது. முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, துண்டு வைத்துப் பூட்டினார்கள். அந்த ஒட்டை அவர்கள் மறைக்கவில்லை. பார்த்த எவருக்கும் அது தெரிந்தது.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் காருக்குச் சசி என்று நாம் சொல்லும் அடிச்சட்டம் தனியே உண்டு. உடம்பு உக்கினாலும் சட்டம் தாங்கும். மொறிஸ் மைனருக்கு அப்படியான முழுச் சட்டம் இல்லை. அதன் தகர உடம்பே சட்டமும் ஆகும். கதவுகளுக்குக் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில், தகரத்தை மடித்துச் செய்த பெட்டி ஒன்று இரு பக்கமும் ஓடுகிறது. அந்த அடிப்பெட்டிதான் காரின் முதுகெலும்பு. அது உக்கினால் கார் நடுவில் தொய்யும். கதவைத் திறந்தால் பிறகு பூட்டாது. ஆகவே மைனரில் கறள் என்பது அழகுப் பிரச்சினை அன்று, உயிர்ப் பிரச்சினை.

ஐயா 2004இல் காலமானார். அதன் பின் கார் எங்கள் வளவிலே, பனையோலைக் கொட்டிலின் கீழ், ஈரமண்ணிலே நின்றது. 2018ஆம் ஆண்டில்தான் அதைத் திருத்தும் எண்ணமும் கையில் கொஞ்சம் காசும் எனக்கு ஒருங்கே வந்தன. ஐயாவின் காலத்தில் அவருடைய கார் வேலைகளைச் செய்து வந்த ரிங்கர் அண்ணையிடமே கொண்டுபோனேன். ரிங்கர் என்றால் தகரம் அடித்துக் காரின் உடம்பைச் செப்பனிடுபவர். அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. மகனும் ஒரு பொடியனும் கூட நின்று வேலை செய்தார்கள்.

காரைக் கண்டதும் அவர் பெயின்ற்றைப் பார்க்கவில்லை. பொக்கற்றிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, மட்காட்டிலும் கதவிலும் மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். சில இடங்களில் காந்தம் பற்றியது; சில இடங்களில் வழுக்கி விழுந்தது. "பாருங்கோ தம்பி, இதில இரும்பில்லை. புட்டிதான் கார் மாதிரி நிக்குது" என்றார். பிறகு ஒரு குத்தூசியை எடுத்து அடிப்பெட்டியின் அடியில் அழுத்தினார். வலது பக்கத்தில் ஊசி நின்றது. இடது பக்கத்தில் அப்பளத்தில் விரலை வைத்தாற்போல் உள்ளே போயிற்று.

இடது பக்கத்து மண்ணையும் தாரையும் சுரண்டியபோது, முழு நீளத்துக்கும் வேறொரு தகரம் வைத்து அடித்திருந்தது தெரிந்தது. பீப்பாத் தகரம். வெல்டிங் இல்லை, ஆணித் துண்டுகளை நசுக்கி இறுக்கியிருந்தது. அண்ணை நிலத்தில் படுத்தபடி அதைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது என்ர வேலை."

1992ஆம் ஆண்டு. நேயர்களிற் பலருக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை. பெற்றோல் துளிக்கணக்கில் விற்றது. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சிறிது பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவார்கள். இரவில் ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்த விளக்கு. வெல்டிங்குக்குக் காஸ் இல்லை, தகடு இல்லை, றிவெற் இல்லை. அந்த நிலையில்தான் அண்ணை பீப்பாவை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஆணியை அறுத்து, தார் பூசி அந்த ஒட்டைப் போட்டிருக்கிறார்.

நான் உருகிப்போனேன். "அண்ணை, இது சரித்திரமெல்லோ. இதைக் கழற்றாமல் மற்றதைச் செய்ய ஏலாதோ?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார்.

"அண்டைக்கு இது சரி. வேற வழியில்லை. இண்டைக்கு இந்தக் காரைத் தின்னுறது இதுதான். கையை விட்டுப் பாருங்கோ."

ஒட்டின் விளிம்பில் விரலைவிட்டேன். பழைய தகட்டுக்கும் பீப்பாத் தகரத்துக்கும் நடுவில் ஈரமண். இலையிலையாகப் பிரிந்த கறள். அவர் விளக்கினார். இரும்பு மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. காற்றும் நீரும் கிடைத்தால் மறுபடி மண்ணாகவே பார்க்கும். எங்கள் கடற்காற்றின் உப்பு அதற்கு இன்னும் துணை. இரண்டு தகடுகளுக்கு நடுவே போன நீர் வெயிலுக்குக் காயாது. கறள் அது தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் ஒட்டிய தகடுகளைத் தள்ளிப் பிரிக்கும். பிரிந்த இடத்தில் இன்னும் நீர் போகும். காக்க வைத்த தகரம் நீரைக் காத்து வைத்திருந்தது. தன் கையால் செய்த வேலையைப் பற்றி இவ்வளவையும் அவர் பெருமையும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நேயர்களே, என் சிறுகதைக்கு வருகிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி வெளியேறினார்கள். மழை. செம்மணியும் நாவற்குழிப் பாலமும் மனிதரால் நிரம்பி, ஒரு அடி வைக்க நெடுநேரம் பிடித்தது. எங்கள் மைனரும் அந்தத் திரளில் இருந்தது. உள்ளே ஐயா, அம்மா, அப்பாச்சி, தங்கச்சி. நான் பின்னால் தள்ளிக்கொண்டு நடந்தேன். கதவுகள் பூட்டாததால் கயிற்றால் கட்டியிருந்தோம்.

1998இல் அந்த இரவைச் சிறுகதையாக எழுதினேன். ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது. அதிலே, வழியில் ஒரு மதகடியில் இருந்த எங்கள் ஒழுங்கை ஆச்சியை நாங்கள் காரில் ஏற்றிக்கொள்வோம். தங்கச்சி ஆச்சியின் மடியில் நித்திரையாகிவிடுவாள். அந்தப் பகுதியை வாசகர்கள் பாராட்டினார்கள். மனிதநேயம் ததும்புகிறது என்று கடிதம் எழுதியவரும் உண்டு.

உண்மையில் நாங்கள் ஆச்சியை ஏற்றவில்லை. மதகில் ஆச்சி இருந்தா. மடியில் ஒரு பை. எங்களைக் கண்டு எழும்பினா. ஐயா தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "ஆச்சி, பீப்பாத் தகரத்தில நிக்குது கார். இன்னொரு ஆள் ஏறினா நடுவில முறிஞ்சுபோம்." ஆச்சி, "ஓம் மோனை, நீங்கள் போங்கோ" என்று திரும்பவும் இருந்துவிட்டா. இரண்டு கிழமைக்குப் பின் சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் அவவைக் கண்டோம். யாரோ ஒரு பொடியன் சைக்கிள் கரியரில் ஏற்றி வந்தானாம். 1996இல் ஊர் திரும்பிய பிறகும் எங்கள் வீட்டுக்கு வருவா, தேத்தண்ணி குடிப்பா. அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. 2001இல் காலமானா.

ரிங்கர் அண்ணையின் கராஜிலே, அந்தத் தகரத்துக்குள் விரலை விட்டபோது எனக்கு இது எல்லாம் ஞாபகம் வந்தது. என் கதையிலும் அந்த இடத்தில் காந்தம் வைத்தால் வழுக்கி விழும் என்று தோன்றியது. என்றாலும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. ஐயா சொன்னது பொய்யில்லையே. அடிப்பெட்டி உண்மையாகவே உக்கித்தானே இருந்தது.

வேலை தொடங்கியது. அடிப்பெட்டியை வெட்டுவதற்கு முன் அண்ணை காரை மட்டம் பார்த்து முண்டு கொடுத்தார். கதவுகளைக் கழற்றி, வெறும் வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வெல்ட் பண்ணினார். அப்படிச் செய்யாமல் வெட்டினால் உடம்பு மடங்கி, பிறகு கதவே பொருந்தாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைப்பார்.

பீப்பாத் தகரத்தை எடுத்த பின், கறள் தெரிந்த இடங்களில் நான் சோக்கட்டியால் கோடு போட்டிருந்தேன். அண்ணை அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அதற்கு ஓரங்குலம் அப்பால் தம் கோட்டைப் போட்டார். "கண்ணுக்குத் தெரியிற இடத்தில கறள் முடியிறதில்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டோணும். நல்ல இரும்பிலதான் ஒட்டுப் பிடிக்கும்" என்றார். வெட்டிப் பார்த்தால் அங்கும் உட்பக்கம் கறுத்திருந்தது. இன்னும் வெட்டினார். பின்பக்கத்து வில்லுத்தகடுகள் பூட்டும் இடம்வரை போய்த்தான் வெள்ளை இரும்பு வந்தது. நான் போட்ட கணக்கில் காரின் கால்வாசிதான் கெட்டிருந்தது. அவர் வெட்டி முடித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. பேச்சோடு பேச்சாக, அந்தக் கதையில் ஆச்சியை ஏற்றியதாக எழுதிவிட்டேன், அது மனத்தை உறுத்துகிறது என்றேன்.

"வாசிச்சனான்" என்றா அம்மா.

"ஐயா தகரத்துக்குப் பயந்துதானே ஏற்றவில்லை."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பின்சீற்றுக்குக் கீழ உன்ர ரெண்டு பெட்டி புத்தகம் இருந்ததெல்லோ. அதை இறக்கியிருந்தா ஆச்சி இருந்திருப்பா. மனுசி புத்தகத்தின்ர பாரம் வராது. நீ சொல்லுவாய் எண்டு அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தவர்" என்றா.

ஐயா திரும்பிப் பார்த்தது உண்மை. எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததாலேதான் கதையில் ஆச்சியை ஏற்றினேன் போலும். ஐயா மறுத்தார் என்று எழுதியிருந்தால், அதை வாசிக்கிற யாரோ ஒருவர், காரில் வேறென்ன இருந்தது என்று கேட்டிருப்பார். நான் போட்ட கோட்டுக்கு ஓரங்குலம் அப்பால்தான் என் கறள் இருந்தது.

நேயர்களே, இந்த மண்ணிலே சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அவர்கள் கைக்கு வந்த ஏடுகளைக் கறளுக்குப் பதில் செல்லும் இராமபாணப் பூச்சியும் தின்றிருந்தன. புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. எழுபது பாடல்கள் என்று சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை 22. சாமிநாதையருக்கு இருந்த புலமைக்கு, இல்லாத அடிகளைத் தாமே கட்டி இட்டிருக்கலாம். பலருக்கு வேறுபாடு தெரிந்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஏடு முறிந்த இடத்தில் புள்ளி இட்டார். எது நல்ல ஏடு, எங்கே அது முடிகிறது என்று தேடுவதிலேதான் அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. இந்த உண்மையை நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பேசிய எனக்கு, என்னுடைய பதினான்கு பக்கக் கதையில் ஒரு புள்ளி இடத் துணிவு வரவில்லை.

காரிலே புள்ளி இட்டு விட முடியாது. ஓட வேண்டுமானால் புதுத் தகடு வைத்தே ஆகவேண்டும். அண்ணை தகட்டை மடித்து, அடிப்பெட்டியைப் புதிதாகவே செய்தார். வெல்டிங்கை ஒரே ஓட்டமாக ஓடவிடவில்லை. சூடு மிஞ்சினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். ஆகவே இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒரு பொட்டு. தையல்காரர் முதலில் நூலோட்டி வைப்பது போல. மட்காட்டின் நெளிவுகளை, உள்ளே இரும்புக் கட்டை பிடித்து வெளியே சுத்தியலால் தட்டி எடுத்தார். அடித்து அடித்து நீண்டுவிட்ட இடத்தைக் காசளவுக்குச் சிவக்கச் சூடாக்கி ஈரத்துணியால் ஒற்றினார்; தகடு சுருங்கி அமர்ந்தது. கறள் துளைத்த பள்ளங்களுக்கு பொஸ்போரிக் அமிலம் பூசி, துடைத்துக் காயவைத்து, பிறகே செவ்வொட்சைட் பூச்சு. புட்டியும் வைத்தார். ஆனால் கடைசியில், இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாமல். "புட்டி கூடாதெண்டில்லை தம்பி. இரும்புக்கு மேல வைச்சா அது புட்டி. இரும்புக்குப் பதிலா வைச்சா அது களவு" என்றார்.

பெயின்ற் அடிக்குமுன் அவர் செய்த ஒரு வேலை என்னைக் கவர்ந்தது. உடம்பு முழுவதிலும் கறுப்புப் பெயின்ற்றை மெல்லிய தூசியாக விசிறினார். பிறகு மரக்கட்டையில் அரத்தாளைச் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். மேடான இடத்தில் கறுப்பு உடனே போயிற்று. பள்ளமான இடத்தில் கறுப்பு நின்றது. கண்ணும் கையும் ஏமாந்த பள்ளங்களையெல்லாம் அந்தக் கறுப்பு காட்டிக் கொடுத்தது.

எல்லாம் முடிந்து காருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கத்து வெல்டிங்கை மினுமினுக்க அராவியிருந்தவர், அடிப்பெட்டியின் உட்பக்க ஒட்டுக்களை அராவாமல் அப்படியே விட்டு, கறள் பிடிக்காத பூச்சு மட்டும் பூசியிருந்தார். நீர் வடிவதற்கு வைத்த துளைகளும் திறந்தே இருந்தன. ஏன் உட்பக்கத்தை விட்டீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குப் பிறகு ஒருத்தன் இதுக்குக் கீழ படுப்பான். எங்க பழசு முடியுது, எங்க என்ர வேலை தொடங்குது எண்டு அவனுக்குத் தெரியோணும்."

நேயர்களே, அந்தப் பீப்பாத் தகரத்தை நான் எறியவில்லை. காரிலும் வைத்திருக்கவில்லை. என் மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். எங்களை நாவற்குழிப் பாலம் கடத்திய தகரம் அது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது. அந்தச் சிறுகதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிய பிரதியில் ஆச்சி மதகிலேயே இருக்கிறா. காருக்குள் இரண்டு பெட்டி புத்தகம் இருக்கிறது. ஐயா திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பதை எழுதும் இடம்வரை வந்து நிற்கிறேன். அதையும் எழுதிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.